கை சூடேறிய பிறகே வீணை

ஸ்காபரோ, கனடா
20 மார்கழி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். கோணேசப் பெருமான் அருளால் நீங்களும் அப்பாவும் தங்கையும் நலமாக இருப்பீர்களென நம்புகிறேன். கை நோவினால் வீணையை விட்டுவிட்டேனா என்று நீங்கள் தொலைபேசியில் கேட்டதற்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. விடவில்லை, அம்மா. வாசிக்க உட்காருமுன் கைகளுக்குச் செய்ய வேண்டியதைத்தான் இப்போது கற்றிருக்கிறேன்.

அங்கே, திருகோணமலை உப்புவெளியில் முழுகிவிட்டு வந்து, விளக்கேற்றி, நேரே கடினமான வர்ண உருப்படியைத் தொடங்கினாலும் விரல் மறுத்ததில்லை. இங்கோ வெப்பநிலை மறை 15 பாகைக்கு (-15°C) இறங்கும் நாள்களில், பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள், கையுறைக்குள்ளேயே விரல் நுனிகள் வெளிறிவிடுகின்றன. உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பதற்காக உடம்பு விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது, நரம்புகளும் மந்தமாகின்றன, வீணையின் மெட்டுக்கட்டின்மேல் விழவேண்டிய விரல் ஒரு கணம் பிந்தி விழுகிறது. சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு மாலையில், உடனே உட்கார்ந்து தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்கும் கமகம் பிடித்தேன். அன்றிரவு தொடங்கிய நோவு மூன்று வாரம் நீடித்தது.

என்னைப் பார்த்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) விரல்களை விட்டுவிட்டு முன்கையைத்தான் அழுத்திப் பார்த்தார். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே இருக்கின்றன; அவற்றின் நாண்கள் மட்டுமே மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகின்றன. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டால் போதுமென்று நான் நினைத்திருந்தது எவ்வளவு தவறு!

இப்போது வந்தவுடன் முன்கைகளை வெதுவெதுப்பான நீரில் பிடிக்கிறேன். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் சூடு குறைந்த கிணற்று நீரைப் போல இருந்தால் போதும். விறைத்த கைக்குச் சூடு தெரியாது, கொதிநீர் சுட்டுவிடும். விரல் நுனிகளை நனைப்பதில்லை, ஏனென்றால் காய்ப்பு ஊறினால் தந்தி அறுக்கும். பிறகு தோள்களைச் சுழற்றி, கைகளை மெல்ல விரித்து மூடுகிறேன். குளிர்ந்த விரலைப் பிடித்து வளைப்பதில்லை. அதற்குப் பின் மாயாமாளவகௌளை இராகத்தில், தொடக்கப் பாடமான சரளி வரிசையை மெதுவான முதற்காலத்தில், கமகமில்லாமல், தந்தியை மெல்லத் தொட்டபடி வாசிக்கிறேன். பத்து நிமிடத்தில் விரல் தானாகவே இரண்டாங்காலத்துக்குப் போக விரும்புவதை உணர முடிகிறது. நீங்கள் தினமும் சரளியிலிருந்து தொடங்கச் சொன்னதன் அருமை எனக்கு இங்கேதான் விளங்கியது.

வீணைக்கும் குளிர் உண்டு. உருக்குத் தந்தி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும், அறை சூடேறச் சுருதி இறங்கும். ஆதலால் சுருதி சேர்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். இடது விரல்களுக்குப் பூசும் தேங்காயெண்ணெய்கூட 24 பாகைக்குக் கீழே உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடுகிறது. அது உருகட்டுமென்று போத்தலை மடியில் வைத்துக்கொண்டு சரளி வாசிக்கிறேன்.

அங்கே இப்போது மழையும் வாடையும் என்று அறிந்தேன். விடியற்காலையில் உங்கள் விரல்கள் மரத்துப்போவதாகத் தங்கை சொன்னாள். தயவுசெய்து முன்கைகளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். அவளையும் மூன்றாங்காலத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். ஞாயிறு இரவு உங்களுக்கு ஏழு மணியாகும்போது எனக்குக் காலை எட்டரை. எட்டு மணிக்கே கைகளைச் சூடாக்கிக்கொண்டு காத்திருப்பேன். இருவரும் சேர்ந்து வாசிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்