ஆட்டுக்கால் சூப்பும் என் ஞாபகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

31 ஆண்டுகள் பஸ் நடத்துநராக இருந்தவன் நான். டிக்கெட் கட்டும் பைக்காசும் மனக்கணக்கிலேயே ஒத்துப்போகும். இப்போது வயது 66. சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள். சென்ற மாதம் மளிகைக் கடையில் 500 ரூபாயை நீட்டிவிட்டு, மீதி எவ்வளவு என்று தெரியாமல் நின்றேன்.

இதைக் கேட்ட மைத்துனர், எலும்பில் சுரக்கும் ஹார்மோன் மறதியைப் போக்குமாம் என்று ஆட்டுக்கால் சூப்போடு வந்துவிட்டார். சூப் அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்டியோகால்சின் எனப்படும் அந்த எலும்பு ஹார்மோன் ஒரு புரதம். குடித்தால் வயிற்றிலேயே செரித்துவிடும்.

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் கார்சென்டி குழு, அது எலிகளில் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதாக 2007இலும், மூளைக்குள் சென்று நினைவாற்றலுக்கு உதவுவதாக 2013இலும் எழுதியது. ஆண் எலிகளில் டெஸ்டோஸ்டிரோனையும் கூட்டுகிறதாம். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இது சராசரியாகக் குறைவு என்றும் பல ஆய்வுகள் உண்டு. ஆனால் 2020இல் வேறு இரண்டு குழுக்கள் இந்த ஹார்மோனை உண்டாக்கும் மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்தபோது, அவற்றின் ரத்தச் சர்க்கரையில் மாற்றமே இல்லை. சூப்புக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

என் குறை வேறு. நான் போகும் மருத்துவமனையில் பாதத்தைக் குத்திப் பார்க்கிறார்கள், கண்ணைச் சோதிக்கிறார்கள். ஆனால் மூளையின் கவனத்தைச் சோதிக்க, "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்" என்று 18 ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை. நானே வீட்டில் கழித்துப் பார்த்தேன், 72இல் நின்றுவிட்டேன்.

ஓய்வுபெற்ற நடத்துநர்,
விருதுநகர்.