முறுக்கு டின்னும் மருந்து டிரம்மும்

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வந்து நாலு நாள் ஆகிறது, கால் வீக்கம் இப்போதுதான் வடிந்தது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நேரத்துக்குப் பசியாறுகிறீர்களா?

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதியைத்தான் கேட்பாய் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் வீட்டில் இருந்த அந்த ஒரு வாரம், நீ குப்பைப் பையைக் கட்டி வாசலில் வைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்கவில்லை. சம்பந்தியம்மாவும் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. ஒரு பையில் மூடியோடு மைலோ டின். இன்னொன்றில் ஊறுகாய் போத்தல்கள், கிழியாத பழைய திரைச்சீலை. அதே வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பருப்பு கொட்டி வைக்க பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வந்தாய். அன்று இரவுதான் மாதக் கடைசியில் கையில் காசே நிற்பதில்லை என்று என்னிடம் கண் கலங்கினாய். எனக்குத் தூக்கமே வரவில்லை, பாப்பா.

நம் வீட்டு முறுக்கு டின்னை நினைத்துப் பார். சதுரமாக, பெரிதாக, ஒரு பக்கம் நசுங்கி இருக்குமே, அதேதான். ரப்பர் தோட்டத்துக்கு வெளியே இருந்த சீனன் கடையில் பிஸ்கட் தீர்ந்ததும் கடை முதலாளி தவுக்கேயிடம் கேட்டு உன் பாட்டி வாங்கி வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. முதலில் அதில் அரிசி இருந்தது. அப்புறம் பாட்டி அதில் ரசீதுகளை வைத்தார். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கியதில் எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு நடுத்தெருவுக்கு வந்தன. நம் ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று லயம் லயமாகப் போய்ப் பேசினார். பாட்டி மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பரை, அதுதான் ஒட்டுப்பால், விற்ற காசைக்கூட விடாமல் சேர்த்து, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார். அந்த ரசீதுகள் மழையில் நனையாமல், கரையான் அரிக்காமல் இருந்தது அந்த டின்னுக்குள்தான்.

அதை இன்னும் துருப்பிடிக்காமல் வைத்திருக்க நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காலியானதும் கழுவ மாட்டேன், உலர்ந்த துணியால் துடைத்து அரை நாள் வெயிலில் கவிழ்த்து வைப்பேன். உன் மைலோ டின்னுக்கும் இது போதும். உள்ளே துரு கண்டால் தின்பண்டம் வைக்காதே, ஆணி போட்டு வைத்துக்கொள்.

போத்தல் விஷயம் சுருக்கம்தான். ஊறுகாய் வாடை போக, கழுவிக் காயவைத்து, உள்ளே பழைய பேப்பரைக் கசக்கிப் போட்டு இரண்டு நாள் மூடி வை. மூடியில் வாடை நின்றால் மூடியை மட்டும் மாற்று.

எண்ணெய்க்கு வருகிறேன். பஜ்ஜி பொரித்த எண்ணெயை நீ சிங்க்கில் ஊற்றியதைப் பார்த்தேன். போன மாதம் குழாய் அடைத்து, ஆள் கூப்பிட்டு எண்பது வெள்ளி கொடுத்தேன் என்றாயே, அது வேறு எதனால்? பாமாயில் கெட்டிப்படுகிற குணம் உள்ளது, குழாயில் படிந்து சோறு பருக்கையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் இரண்டரை வெள்ளிதானே என்று நினைக்காதே. அந்த விலை அரசாங்கம் மானியம் கொடுப்பதால் வருகிறது. பாமாயில் தரும் அந்தச் செம்பனைக் குலையை வெட்டிச் சுமந்தே உன் அப்பாவின் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

ஆறிய எண்ணெயைத் துணியில் வடிகட்டிப் போத்தலில் சேர்த்து வை. ஒரு கிலோ சேர்ந்ததும் சவர்க்காரம் காய்ச்சலாம். 300 மில்லி தண்ணீர், 130 கிராம் காஸ்டிக் சோடா, இரண்டையும் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும், கண் அளவு கூடாது. சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மறந்துகூடச் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதே, பொங்கி முகத்தில் தெறிக்கும். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். எவர்சில்வர் எடு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பால்கனியில் செய். பேரன் தூங்கும் நேரமாகப் பார், மீதிச் சோடாவை அவன் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வை. கரைசல் கொதிக்கிற மாதிரி சூடாகும். அது வெதுவெதுப்பாக ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை மரக்கரண்டியால் கிண்டு. காலிப் பால் பெட்டியில் ஊற்றி வை. இறுகியதும் கையுறையோடு வெட்டி, நிழலில் நாலைந்து வாரம் காயவிடு. உடம்புக்குப் போடாதே. சட்டி பானைக்கும் கைப்பிடித் துணிக்கும் அவ்வளவு நன்றாக அழுக்கெடுக்கும். சிரமமாகத் தோன்றினால் எண்ணெயைச் சேர்த்து மறுசுழற்சிக்கு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடு. கொஞ்சம் காசும் வரும், குழாயும் தப்பிக்கும்.

குத்துவிளக்கு துலக்க கடையில் பாலிஷ் வாங்குவதையும் விடு. ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையோடு உப்புச் சேர்த்துத் தேய்த்தால் போதும். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கு. தொட்டி என்றால் அடியில் ஓட்டை இருக்க வேண்டும், பாப்பா. காலி டின்னையும் ஐஸ்கிரீம் டப்பாவையும் பால்கனியில் அப்படியே போட்டு வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி, ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறந்துவிடும். சேர்த்து வைக்கிறேன் என்று டெங்கியைக் கூப்பிட்டுக்கொள்ளாதே.

இதையும் உனக்குச் சொல்ல வேண்டும். இதுவரை நான் இதைப் பற்றி உன்னிடம் பேசியதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்தில் குழாய் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். தண்ணீர் பிடித்து வைக்கப் பாத்திரம் போதாது. தோட்டத்து ஸ்டோரில் களைக்கொல்லி மருந்து வந்த பிளாஸ்டிக் டிரம்கள் காலியாகக் கிடக்கும். கனமான, நல்ல டிரம்கள். தாத்தா தோட்டத்துக் குமாஸ்தா கிராணியிடம் கேட்டு இரண்டு கொண்டுவந்தார். மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். அதில்தான் குளித்தோம், சோறும் பொங்கினோம். மருந்து அடிக்கும் வேலையில் தாத்தாவின் கை நகங்கள் கறுத்து உரிந்ததைப் பார்த்தும் எங்களுக்கு அந்த டிரம்மின் மேல் சந்தேகம் வரவில்லை. காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். அது ஆபத்து என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள் மருந்து ஊறி நிற்கும், அப்படிப்பட்ட டிரம்மை ஓட்டை போட்டுத்தான் கழிக்க வேண்டும் என்பதை நான் வெகு காலம் கழித்து ஒரு கூட்டத்தில் கேட்டேன். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்தை 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். தாத்தா அதைப் பார்க்க இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு பொருளை எடுத்து வைக்கும் முன் அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று பார். துணி வெளுக்கும் குளோராக்ஸ் போத்தலில் குடிதண்ணீர் வைக்காதே. மெல்லிய மினரல் வாட்டர் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றாதே. மார்ஜரின் டப்பாவை மைக்ரோவேவில் வைக்காதே. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டு, மைக்ரோவேவ் குறியும் இருந்தால் மட்டும் வை. விரிசல் விட்ட பிளாஸ்டிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடு, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டேன். ஜொகூரில் குப்பையைப் பிரித்துத்தானே வைக்கச் சொல்கிறார்கள், அதையும் ஒழுங்காகச் செய். பேப்பரையும் டின்னையும் பழைய பேப்பர் லாரிக்காரரிடம் கொடு. இங்கே இன்னும் "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வருகிறார்.

திரைச்சீலையை நீ கட்டிய பையிலிருந்து நான் எடுத்து வந்துவிட்டேன், கோபப்படாதே. அலசிக் காயவைத்திருக்கிறேன். நல்ல பாகத்தில் பேரனுக்கு இரண்டு தலையணை உறை வரும். ஓரத்தைக் கீறிப் பின்னி, குளியலறை வாசலுக்கு ஒரு கால்மிதி போடுகிறேன். என் தையல் மிஷினுக்கு நேற்றுதான் எண்ணெய் விட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் அப்பா அங்கே வருகிறார். பாட்டியின் டின்னில் முறுக்கும் அச்சுமுறுக்கும் கொடுத்தனுப்புகிறேன். தின்று முடித்ததும் டின்னைக் கழுவாதே. துடைத்து, வெயிலில் கவிழ்த்து, அடுத்த முறை வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
அம்மா