செல்விக்கு, ஸ்மார்ட் பம்ப் பற்றி

அன்புள்ள செல்வி,

நலம்தானே? நைட் டியூட்டி மாற்றி மாற்றி விழுந்ததில் உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சின்னவனுக்கு டொராண்டோ குளிர் இன்னும் ஒத்துவரவில்லை, மற்றபடி எல்லாரும் சுகம். உன் மகள் பி.ஃபார்ம் முடித்தது ரொம்ப சந்தோஷம், அவளைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உங்கள் மேனேஜ்மென்ட் ஸ்மார்ட் இன்ஃபியூஷன் பம்ப் (நரம்பு வழியாக மருந்தை அளந்து ஏற்றும் கருவி) வாங்கப் போகிறது, உன் கருத்தைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வாங்கச் சொல். ஆனால் விற்க வருகிறவர் "இது வந்துவிட்டால் தப்பே நடக்காது மேடம்" என்றால் மட்டும் தலையாட்டிவிடாதே.

இங்கே கனடாவில், எட்மன்டனில் 2006-ல் நடந்தது உனக்குத் தெரியுமா? ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ஃபுளோரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்து, நான்கு நாளில் மெதுவாக ஏற வேண்டியது, நான்கு மணி நேரத்தில் ஏறிவிட்டது. லேபிளில் இரண்டு எண்ணும் இருந்தன: 24 மணி நேரத்துக்கு 28.8 எம்.எல்., ஒரு மணிக்கு 1.2 எம்.எல். பம்பில் போட வேண்டிய ஒரு மணி நேர வேகத்தைக் கணக்குப் போட்ட நர்ஸ் கடைசியில் 24-ஆல் வகுக்க விட்டுவிட்டார். விடை 28.8 என்று வர, அதே எண் லேபிளிலும் கண்ணில் பட, சரி என்றே தோன்றிவிட்டது. இரண்டாவது நர்ஸ் பார்த்தபோதும் அதே 28.8-தான் சமாதானம் சொன்னது. நோயாளி மூன்று வாரத்தில் இறந்துபோனார். இந்த மருந்து அளவு மீறினால் கொடுக்கும் முறிவு மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்ததே 2015 டிசம்பரில்தான். இந்தச் சம்பவம் பற்றி 2007-ல் வந்த விசாரணை அறிக்கையைப் படித்தால், நம் வார்டிலும் எந்த நாளும் நடக்கக்கூடியதாகத்தான் தெரிகிறது.

சாதாரண பம்ப் 28.8 என்று அழுத்தினால் 28.8-ஐ ஓட்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஸ்மார்ட் பம்பில் முதலில் மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் டோஸ் எல்லைகள் பம்புக்குள் இருக்கும் மருந்துப் பட்டியலில், அதாவது ட்ரக் லைப்ரரியில் இருக்கும். சாஃப்ட் லிமிட்டைத் தாண்டினால் "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு, நாம் ஆமாம் என்றால் ஓட்டும். ஹார்டு லிமிட்டைத் தாண்டினால் எதை அழுத்தினாலும் ஓடாது. ராத்திரி மூன்று மணிக்குப் புள்ளி விழாமல் 2.5 என்பது 25 ஆகிவிடுகிறதே, அதைப் பிடிப்பதில் கெட்டிக்காரன்.

ஆனால் லைப்ரரிக்குள் போனால்தானே பிடிக்கும்! பாஸ்டனில் ஒரு இதய அறுவை சிகிச்சை ஐ.சி.யூ.வில் எச்சரிக்கையை ஆன் செய்து கொஞ்ச காலம், ஆஃப் செய்து கொஞ்ச காலம் என்று ஓட்டிப் பார்த்து 2005-ல் ஆய்வு வெளியிட்டார்கள். கடுமையான தவறுகள் குறையவில்லை. லைப்ரரியைத் தொடாமலே பம்பை ஓட்டியது மட்டும் 25 சதவீதம். நான் நர்ஸ்களைக் குறை சொல்ல மாட்டேன். பி.பி. சரிந்துகொண்டே இருக்கும்போது திரை திரையாகத் தாண்டி பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலினைத் தேடு என்றால் யார் தேடுவார்கள், நேராக எம்.எல். கணக்கில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குத்தான் ஓடுவோம்.

அப்புறம் நம் ஊர் சிங்கிள் ஸ்ட்ரெங்த், டபுள் ஸ்ட்ரெங்த் விவகாரம். அதே நார்அட்ரினலினை 50 எம்.எல். சிரிஞ்சில் 4 மி.கி. போடுவது ஒரு ஐ.சி.யூ., 8 மி.கி. போடுவது இன்னொரு ஐ.சி.யூ. சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பம்புக்குத் தெரியாது. டபுளை மாட்டிவிட்டு சிங்கிள் என்று தேர்ந்தெடுத்தால் இரண்டு மடங்கு மருந்து ஏறும், திரையில் எண் எல்லைக்குள்தான் இருக்கும், அலாரமும் வராது. அதனால் பம்ப் வருவதற்கு முன்பே ஒரு மருந்துக்கு ஒரே அடர்த்தி என்று டாக்டர்களை ஒத்துக்கொள்ள வை. அது பெரிய பஞ்சாயத்து என்று எனக்கும் தெரியும், உன்னால்தான் முடியும்.

லைப்ரரியை யார் எழுதப் போகிறார்கள் என்பதைக் கொட்டேஷனில் கையெழுத்து விழுவதற்கு முன்பே கேள். கம்பெனி கொடுக்கும் ரெடிமேட் லிஸ்ட்டை அப்படியே ஏற்றினால் தேவையில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் எல்லாரும் பார்க்காமலே ஓகே அழுத்தப் பழகிவிடுவார்கள். எந்த எச்சரிக்கையை யார் எத்தனை முறை தாண்டினார்கள் என்ற லாகை எடுத்துப் பார்த்து எல்லைகளைத் திருத்த ஒரு ஃபார்மசிஸ்ட் வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்க யோசித்தால் யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான். வைஃபை இல்லையென்றால் ஒவ்வொரு பம்பாகப் போய் லைப்ரரியை ஏற்ற வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும். வைஃபை இருந்தால் வேறு தலைவலி: நெட்வொர்க் வழியாக வெளியாள் நுழைந்து டோஸை மாற்ற முடியும் என்று தெரிந்து, ஒரு மாடல் பம்பை உபயோகிப்பதையே நிறுத்தச் சொல்லி 2015-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. உங்கள் ஐ.டி. ஆட்களையும் மீட்டிங்குக்குக் கூப்பிடு.

உன் மகளுக்கு ஆஸ்பத்திரி வேலையில் ஆசை இருந்தால் இந்த லைப்ரரி வேலையைக் கற்றுக்கொள்ளச் சொல், நம் ஊரில் இனிமேல் தேவைப்படும். உங்கள் ஐ.சி.யூ.க்களில் ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம், நார்அட்ரினலின் நான்கையும் யார் எப்படிக் கலக்கிறார்கள் என்று எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, உட்கார்ந்து பார்த்துவிட்டு போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
விஜி