நண்பர்களோடு பேசக் கற்றுக்கொடுங்கள்: வீகன் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வீகன் வாழ்முறையைப் பரப்பும் அமைப்புகளுக்கும் தொண்டர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். இறைச்சி, பால், முட்டை, தேன், தோல் எதுவும் வேண்டாம் என்று வாழ்கிறவன். பல விஷயங்களை உங்கள் கையேடுகளில்தான் கற்றேன். அந்த நன்றியோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாராவது மறுத்துப் பேசினால் எப்படி மடக்குவது என்பதற்கே உங்கள் கையேடுகளில் பாதிப் பக்கங்கள் போகின்றன. மேடை விவாதத்துக்குச் சரி. ஆனால் இந்தப் பேச்சு அதிகம் நடப்பது நண்பர்கள் கூடும் இடத்தில். பெரும்பாலும் நாம் அதை ஆரம்பிப்பதுகூட இல்லை. தேநீர் வருகிறது, "பால் இல்லாமல் கிடைக்குமா?" என்று கேட்கிறோம். பிறந்தநாள் கேக்கை நீட்டுகிறார்கள், வேண்டாம் என்கிறோம். அப்புறம் பேச்சு முழுக்க நம் தட்டைச் சுற்றித்தான்.

அங்கே வரும் கேள்விகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. "உனக்குச் சத்து போதுமா?" என்று கேட்கும் தோழிக்கு உண்மையிலேயே கவலை. புரதத்தைப் பற்றி அவளிடம் நீளமாகப் பேசத் தேவையில்லை. பருப்பு, பயறு, சோயா, கொட்டை வகைகளைப் போதிய அளவு சாப்பிடுகிறவருக்கு அது பெரிய சிக்கல் இல்லை. சொல்ல வேண்டியது வைட்டமின் பி12 பற்றி. அதை உருவாக்குபவை பாக்டீரியாக்கள். தாவர உணவில் அது நம்பும்படியான அளவில் கிடைக்காது. மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம் வேண்டும். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கலாம் என்பதால் குறைபாடு உடனே வெளியே தெரியாது. தெரியவரும்போது இரத்தசோகையோ நரம்புப் பாதிப்போ வந்திருக்கக்கூடும். இதைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுகிற பிரசுரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அக்கறையோடு கேட்கிற தோழிக்கு "ஆமாம், ஒன்று குறைகிறது, அதற்கு மாத்திரை எடுக்கிறேன்" என்று நேராகச் சொன்னால் அவள் நம்புவாள். எல்லாமே செடியில் கிடைக்கிறது என்று அடித்துப் பேசினால் மற்ற எதையும் நம்பமாட்டாள், அது நியாயமும்கூட.

இன்னொரு வகை, தெரியாமல் கேட்பது. "பால் கறப்பதால் மாட்டுக்கு என்ன கஷ்டம்?" ஏறக்குறைய ஒன்பது மாதம் சுமந்து கன்று ஈன்றால்தான் பசு பால் தரும், பால் தராத ஆண் கன்றுக்குப் பண்ணையில் பெரும்பாலும் வேலை இல்லை என்பதைப் பலர் யோசித்தே இருக்கமாட்டார்கள். முட்டையும் அப்படித்தான். முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் பொரிக்கும் ஆண் குஞ்சுகளைப் பல நாடுகளில் முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022இல் அதைத் தடை செய்தது. இதை இரண்டு வாக்கியங்களில் சொல்லலாம். கேட்டவர் முகம் மாறும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மேலே கேட்டால் மேலே சொல்லலாம், கேட்கவில்லை என்றால் வேறு பேச்சுக்குப் போகலாம். எப்போது நிறுத்துவது என்று உங்கள் பயிற்சிகளில் யாரும் சொல்லித்தருவதில்லை.

"அறுவடையில் எலிகளும் பூச்சிகளும் சாகவில்லையா?" என்பது நல்ல கேள்வி. சாகின்றன. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு, உலகில் விளையும் சோயாவில் ஏறத்தாழ முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகப் போகிறது என்று சொல்லலாம். உலக விவசாய நிலத்தில் 83 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் விலங்கு உணவு, நமக்குக் கிடைக்கும் கலோரியில் 18 சதவீதம்தான் தருகிறது என்று 2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வையும் சொல்லலாம். விலங்கு உணவைக் குறைத்தால் பயிரிடும் நிலமும் குறையும், சாவும் குறையும். ஆனால் பூஜ்ஜியம் ஆகாது. 1944இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டி இன்று தரும் வரையறையிலேயே 'இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. நண்பர்களிடம் இந்த வரியை மறைக்காமல் சொல்லும்போது, நம்மைப் புனிதர்களாக நினைத்து விலகுகிறவர்கள் கொஞ்சம் நெருங்கி வருகிறார்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது கேள்வியே இல்லாத ஒரு பேச்சு. நாம் ஒன்றுமே சொல்லியிருக்கமாட்டோம். பக்கத்தில் சாப்பிடும் நண்பன் தானாகவே, "நானும் இறைச்சியை ரொம்பக் குறைத்துவிட்டேன்" என்பான், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவன் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான்: என்னைப் பற்றி நீ தாழ்வாக நினைக்கிறாயா? அதற்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் ஆகாது. இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விலங்குகளுக்கு நடப்பதை நினைத்து மனம் கொதிக்கிற இளைஞர்களுக்கு இது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கொதிப்பு நியாயமானது. அதை எங்கே, யாரிடம் காட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்கள்தான். பண்ணைச் சட்டங்களை எழுதுகிறவர்களிடமும், பெரிய நிறுவனங்களிடமும் காட்டட்டும்.

நவம்பர் 1, உலக வீகன் தினத்துக்கு நீங்கள் புதிதாகக் கையேடு அச்சிடுவீர்கள். அதில் பி12 பக்கத்தை முதலில் வையுங்கள். மடக்குகிற பதில்களில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நண்பர்களோடு பேசுவது பற்றி நாலு பக்கம் எழுதுங்கள். எழுத ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்