அம்மாவுக்கு 27ஆம் வரிசை, எனக்கு 11

விமானத்தில் இருக்கையை முன்கூட்டியே தேர்வு செய்யக் கட்டணம் வாங்குவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சன்னலோரம் வேண்டும், கால் நீட்ட இடம் வேண்டும் என்பவர்கள் பணம் கட்டட்டும், சரி. ஆனால் ஒரே டிக்கெட்டில் போகும் முதியவரையும் துணைக்கு வருபவரையும் பிரித்துப் போட்டுவிட்டு, சேர்ந்து உட்காரக் காசு கேட்பது எந்த வகையில் நியாயம்? சென்ற ஆண்டு 74 வயதான அம்மாவை மும்பைக்கு அழைத்துச் சென்றேன். திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏற வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் விமான நிலையம் ஏது? பணம் கட்டாமல் செக்-இன் வரை காத்திருந்ததற்குக் கிடைத்தது அம்மாவுக்கு 27ஆம் வரிசை, எனக்கு 11. இரண்டுமே நடு இருக்கை. முட்டுவலிக்காரரான அம்மா, கழிவறைக்குப் போகப் பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டுமே என்று கூச்சப்பட்டு, இறங்கும்வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நாகர்கோவிலில் ரயில் ஏறினால், 45 வயதைக் கடந்த பெண்களுக்குக் காலியிருக்கும் கீழ்ப்படுக்கையைக் கணினியே ஒதுக்குகிறது. தனிக் காசு இல்லை. 12 வயது வரையுள்ள குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவருடனாவது உட்கார வைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதே உத்தரவை 70 வயது கடந்தவர்களுக்கும் அவர்களுடன் வரும் ஒருவருக்கும் நீட்டிக்கலாம்.

– வாசகர், தக்கலை