அந்த போட்டோவுல பாதி தோள் தெரியுதே, அது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல உள்ளூர் பக்கத்துல ஒரு போட்டோ வந்துச்சு. மேஜர் போக எல்லாரும் படிக்க வேண்டிய பொதுப்பாடங்களுக்கு பல்கலைக்கழகம் போட்ட புது திட்டத்தை பேராசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் அறிமுகப்படுத்துற கூட்டம்னு கீழ எழுதியிருந்தீங்க. முன்னாடி பொன்னாடை போட்டவுக, பின்னாடி வரிசையா சாருங்க மேடங்க, இடது ஓரத்துல பாதி தோளும் ஒரு கையும் மட்டும் தெரியுதுல்ல, அது நான்தான். நீங்க எழுதின அந்த "அலுவலர்கள்"ல வந்திருந்தது நான் ஒரே ஆளு, அதுவும் பாடம் கேக்க போகலீங்க, ஃபைலும் பேனாவும் குடுத்து கையெழுத்து வாங்க போனேன்.

காரைக்குடி பக்கத்துல ஒரு காலேஜ் ஆபீஸ்ல பத்தொன்பது வருஷமா இருக்கேன். அட்மிஷன் கவுண்டர், பரீட்சை ஃபீஸ் கவுண்டர் ரெண்டும் என் தலையில. பேரு வேண்டாம், காலேஜ் பேரும் வேண்டாம், இன்னும் சர்வீஸ் இருக்கு.

கூட்டம் பத்தரைக்குன்னு போட்டு பதினொண்ணேகாலுக்கு ஆரம்பிச்சுது. வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, அப்பறம் டீ வடை. அதுக்கப்பறம் ஒருத்தர் லேப்டாப்பை மாட்டி ஸ்லைடு போட்டாரு, பாதிக்கு மேல 2022 டிசம்பர்ல பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூ.ஜி.சி., விட்ட டிகிரி பாடத்திட்ட ஃப்ரேம்வொர்க்குல இருந்து எடுத்தது, மூணு வருஷத்துக்கு 120 கிரெடிட் (பாடத்துக்கு பாடம் குடுக்கிற அலகு), அதுல வேற துறை பாடத்துக்கு 9, மொழித்திறனுக்கு 8, தொழில் திறனுக்கு 9, மதிப்புக்கல்விக்கு 6ல இருந்து 8னு கட்டம் கட்டமா. எழுத்து கடுகு சைஸு, நான் கடைசியில நின்னுக்கிட்டே எட்டிப் பாத்து ஃபைல் அட்டையில கிறுக்கிக்கிட்டேன். நம்ம பக்கம் இதுல எது வரும் எது வராதுங்கறதை ஒருத்தரும் தெளிவா சொல்லல. ஒரு மேடம் மட்டும் எந்திரிச்சு, "பிசிக்ஸ் பையன் நாட்டுப்புறவியல் எடுத்தா அந்த நேரம் அவனுக்கு லேப் இருக்குமே, டைம் டேபிள் எப்படி போடுறது"ன்னு கேட்டாக. அதை அப்பறம் பேசிக்கலாம்னு சொல்லிட்டு க்ரூப் போட்டோவுக்கு கூப்பிட்டாங்க. அந்த போட்டோதான் நீங்க போட்டது.

நான் ஏன் இதை இவ்வளவு தூரம் எழுதறேன்னா, இந்த புது பாடத்திட்டத்தை பத்தி பசங்க முதல்ல வந்து கேக்குறது பேராசிரியர்கிட்ட இல்ல, எங்க ஜன்னல்லதான். போன ஜூன்ல கல்லல் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி பேத்தியை கூட்டிக்கிட்டு வந்தாக. புள்ளைக்கு கெமிஸ்ட்ரி கெடைச்சிருக்கு. ஃபாரத்தை ஜன்னல் வழியா நீட்டி, "ஏப்பா தம்பி, இதுல வேற துறை பாடம்னு நாலு கட்டம் இருக்கே, எதுல டிக்கு போட்டா புள்ளைக்கு நல்லது"ன்னு கேட்டாக. பின்னாடி நாப்பது பேரு லைன்ல நிக்கிறாங்க. எனக்கே தெரியாது, தெரியலைன்னு சொல்ல ஒரு கூச்சம், "எல்லாம் ஒண்ணுதான் ஆச்சி, எதையாச்சும் போடுங்க"ன்னு சொல்லிட்டேன். அந்த அம்மா என்னை நம்பி பேனாவை புள்ளை கையில குடுத்தாக. நான் சொன்னது தப்பு. எல்லாம் ஒண்ணு இல்ல. பிளஸ் டூவுல படிச்சதையே அந்த வேற துறை கட்டத்துல திரும்ப எடுக்கக் கூடாதுன்னு அந்த யூ.ஜி.சி. பேப்பர்ல ஒரு வரி இருக்கு, இதை நான் ஸ்லைடுலதான் முதல் தடவை பாத்தேன். அப்ப அட்மிஷன்லயே பிளஸ் டூ மார்க் ஷீட்டை பாத்து சொல்ல வேண்டியது யாரு? நான்தானே.

இது புதுசும் இல்ல. 2008-09ல சி.பி.சி.எஸ்., அதான் பசங்களே சில பாடத்தை தேர்ந்தெடுக்கிற முறை, வந்தப்ப நான் வேலைக்கு சேந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. பகுதி ஒண்ணு தமிழ், ரெண்டு இங்கிலீஷ், மூணு மேஜர் அலைடு, நாலுல என்.எம்.இ.ங்கற வேற துறை பாடம், ஈ.வி.எஸ்.ங்கற சுற்றுச்சூழல் பாடம், வேல்யூ எஜுகேஷன், அஞ்சுல என்.எஸ்.எஸ். மாதிரி வெளிவேலை. பள்ளிக்கூடத்துல தமிழே படிக்காத புள்ளைக்கு என்.எம்.இ.க்கு பதிலா அடிப்படைத் தமிழ் போடணும், வெளி மாநிலத்துல படிச்சுட்டு ஊருக்கு திரும்புற குடும்பம் நம்ம பக்கம் எப்பவும் உண்டு, அதுலயே முதல் வருஷம் ஏழெட்டு பேருக்கு மாத்தி போட்டு ரெண்டாம் செமஸ்டர்ல உக்காந்து அழுதோம். அப்பவும் எங்களை ஒருத்தரும் கூப்பிட்டு சொல்லல. என்.எம்.இ. வெள்ளிக்கிழமை கடைசி ஹவர்ல போய் உக்காந்துச்சு. நாலு மணி பஸ்ஸை விட்டா புதுவயல் பக்கத்து புள்ளைங்களுக்கு அடுத்தது எப்ப வரும்னு யாருக்கு தெரியும், அட்டெண்டன்ஸ் முடிஞ்சதும் பாதி கிளாஸ் காலி.

இன்னொண்ணு சொல்றேன். பிசிக்ஸ் முடிச்ச ஒரு பையன், மேஜர் எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ், ஒரு கம்பெனியில எடுத்துட்டாங்க. ஈ.வி.எஸ். பரீட்சை அன்னிக்கு ஊர்ல புரவியெடுப்பு திருவிழான்னு போகாம விட்டுட்டான். பகுதி நாலு மார்க்கு கிளாஸுக்கு சேராதுன்னு யாரோ சொன்னதை வச்சு அப்படியே மறந்தும் போயிட்டான். கிளாஸுக்கு சேராதுங்கறது சரிதான், ஆனா பாஸ் பண்ணாம டிகிரி வராதுங்கற மிச்ச பாதியை யாருமே சொல்லல. ப்ரொவிஷனல் வாங்க ஜன்னலுக்கு வந்தவன்கிட்ட நான் தான் அரியர் இருக்குன்னு சொன்னேன். அவன் கம்பி மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, "ஈ.வி.எஸ்.ஸாண்ணே? நெசமாவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான். அந்த வேலை போச்சு.

இப்ப இதோட, பசங்க வாங்குற கிரெடிட்டை ஆன்லைன்ல சேத்து வைக்கிற கிரெடிட் பேங்க் வேற, ஆளுக்கு 12 இலக்க நம்பரு. ஆதார்ல பேருக்கு பின்னாடி அப்பா பேரு முழுசா இருக்கும், பத்தாவது மார்க் ஷீட்ல முன்னாடி இனிஷியல் இருக்கும், கம்ப்யூட்டர் ரெண்டும் ஒரே ஆளுன்னு ஒத்துக்காது. வடக்க யாரோ பண்ணின சாஃப்ட்வேருக்கு நம்மூரு இனிஷியல் புரியாதுதான், ஆனா அதை சரி பண்ற பொண்ணு எங்க ஆபீஸ்ல தற்காலிகமா சேந்த பொண்ணு, அதுக்கும் கூட்டத்துக்கு அழைப்பு இல்ல.

பாடத்திட்டம் வேண்டாம்னு நான் சொல்ல வரல, எனக்கு அது பிடிச்சிருக்குன்னே வச்சுக்கங்களேன். ஆத்தங்குடி தரைக்கல்லை சூளையில வச்சு சுடாம, கண்ணாடி மேல கலர் சிமெண்ட்டை ஊத்தி தண்ணியில போட்டு இறுக வைக்கிறாங்க, அது எப்படின்னு கெமிஸ்ட்ரி புள்ளை போய் பாக்கட்டும். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வந்த சிக்ரி, அதான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கதானே இருக்கு, தமிழ் படிக்கிற பையன் ஒரு நாள் உள்ள போய் பேட்டரின்னா என்னன்னு பாக்கட்டும். கோட்டையூர்ல ரோஜா முத்தையா சேத்த புத்தகமெல்லாம் சென்னைக்கு போய் நூலகமா நிக்குது, அது ஏன் இங்கேருந்து போச்சுன்னு காமர்ஸ் பையன் ஒரு கட்டுரை எழுதட்டும். இதெல்லாம் நடக்கணும்னா பஸ்ஸு பிடிக்கணும், பர்மிஷன் லெட்டர் அடிக்கணும், லேப் அட்டெண்டர் சாவியோட இருக்கணும், லைப்ரரியில புத்தகம் இருக்கணும். இத்தனையும் செய்யப்போற ஆளுங்க யாரும் அந்த போட்டோவுல இல்லீங்க.

எங்களுக்கு அரை நாள் போதும். பொன்னாடை வேண்டாம், வடை இருந்தா நல்லது. ஸ்லைடுக்கு பதிலா மூணு பேப்பர் கொண்டாரச் சொல்லுங்க: பசங்க நிரப்பப் போற அந்த ஃபாரம், நெசமான ஒரு டைம் டேபிள், கடைசியில வரப்போற மார்க் ஷீட்டோட மாதிரி. அதை வச்சுக்கிட்டு கேள்வி கேக்க விடுங்க, பதில் தெரியலைன்னா எந்த நம்பருக்கு போன் போடணும்னு எழுதிக் குடுங்க. அட்மிஷன் ஆரம்பிக்கிறதுக்குள்ள இதை நீங்க பிரசுரிச்சா உபகாரமா இருக்கும்.

அந்த ஆச்சி பேத்தி என்ன எடுத்துச்சுன்னு நேத்து ஃபைலை பிரிச்சு பாத்தேன். பட்டியல்ல முதல்ல எது இருந்துச்சோ அது.

இப்படிக்கு,
கல்லூரி அலுவலக ஊழியர் ஒருவர்,
காரைக்குடி.