சாஃப்ரன்போலுவுக்குப் போகுமுன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். துருக்கியின் கராபுக்கில் படிக்கச் சேர்ந்த பிறகும், பக்கத்திலேயே இருக்கும் சாஃப்ரன்போலுவுக்கு இன்னும் போகவில்லை என்று சொன்னாய். பழைய மரவீடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். நிலத்தின் அமைப்பைக் கண்டுகொண்டால்தான் அந்த வீடுகள் விளங்கும் என்பது என் எண்ணம்.

முதலில் ஹிதிர்லிக் குன்றின் மேல் ஏறி நின்று பார். ஓடைகள் அறுத்துவிட்ட ஆழமான பள்ளங்களுக்குள் பழைய கடைவீதி அமர்ந்திருக்கும். குளிர்காற்று அவ்வளவாக எட்டாத இடம் என்பதால் குளிர்காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள், கோடை பிறந்ததும் மேட்டு நிலத்தில் தோட்டங்களுக்கு நடுவே தாங்கள் கட்டிவைத்திருந்த மற்றொரு வீட்டுக்குக் குடிபோவார்கள். பள்ளத்தில் இடம் குறைவு. 1796ஆம் ஆண்டின் இஸ்ஸெத் மெஹ்மெத் பாஷா பள்ளிவாசலை ஓடைக்கு மேலேயே கமான்கள் எழுப்பிக் கட்டியிருக்கிறார்கள். வீடுகளின் கீழ்த்தளக் கற்சுவர் தெருவின் வளைவுக்கு ஏற்பக் கோணலாக வளைந்து செல்ல, மரச்சட்டங்களுக்கிடையே பச்சைச் செங்கல் நிரப்பிய மேல்தளம் தெருவின் பக்கம் நீண்டு, அறைகளைச் சதுரமாக்கிக்கொள்கிறது. உள்ளே போனால் சுவரில் பதித்த சுழலும் அலமாரியைத் தேடிப் பார். பெண்கள் பகுதியில் உணவை வைத்துத் திருப்பினால், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே அது விருந்தினர் பக்கம் போய்ச் சேரும்.

13ஆம் நூற்றாண்டு முதல் கிழக்கையும் மேற்கையும் இணைத்த பாதையில் வணிகச் சாத்துகள் தங்கிச் சென்ற ஊர் இது. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜின்ஜி ஹான் என்னும் கற்சத்திரத்தைக் கட்டியவர், உஸ்மானிய சுல்தான் இப்ராஹிமுக்கு ஓதிப் பார்த்துச் செல்வாக்குப் பெற்ற இவ்வூர்க்காரரான ஜின்ஜி ஹோஜா. 1648இல் சுல்தான் வீழ்ந்தபோது அவரையும் கொன்றுவிட்டார்கள்.

பிறகு ரயில் வந்தது. 1937இல் நீ இருக்கும் கராபுக்கில் எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒரு சிற்றூர் நகரமாக வளர்ந்தது. வேலையும் புதுக்கட்டடங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போனதால்தான் பள்ளத்து வீடுகள் இடிபடாமல் தப்பின என்று நான் நினைக்கிறேன். 1994இல் யுனெஸ்கோ சாஃப்ரன்போலுவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அவ்வூரின் கிரான்கோய் பகுதியைப் பற்றி. அங்கே வாழ்ந்தவர்கள் கிரேக்க மரபுக் கிறிஸ்தவர்கள். கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கல்லால் வீடு கட்டியவர்கள். 1923இல் துருக்கியும் கிரேக்கமும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற உடன்படிக்கை, மொழியையோ பிறந்த மண்ணையோ கேட்காமல், மதத்தை மட்டும் பார்த்து மனிதர்களை இடம் மாற்றியது. அவர்களின் தேவாலயம் இப்போது பள்ளிவாசலாக இருக்கிறது. அந்த ஊரின் அழகைப் புகழ்பவர்கள் பலரும் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீ அப்படிக் கடந்துவிடாதே. அரை நாளாவது அந்தத் தெருக்களில் நடந்து, பார்த்ததை எனக்கு விரிவாக எழுது.

அம்மா அங்கிருந்து குங்குமப்பூ கேட்கிறாள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்களிலிருந்து கையால் இழை எடுக்க வேண்டும் என்பதால் விலை அதிகமாகத்தான் இருக்கும். ஒரு கிராம் வாங்கினால் போதும்.

அன்புடன்,
அப்பா